டிரெஸ்ஸர் வீட்டில் பாண் நின்ற கதை

மலாயாவில் ஒன்பதாம் கட்டை ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில், டாக்டருக்கு அடுத்தபடி மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸராக இருந்த இளையதம்பிக்குச் சோறு என்றாலே ஆகாது. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் பிறந்து, சோற்றிலும் மீன் குழம்பிலும் வளர்ந்த உடம்பு அது. அவருக்கா இந்தப் பகை என்று கேட்டால், காரணம் இருந்தது. தோட்டத்துக்கு வருமுன் ஈப்போவுக்கு வெளியே ஓர் ஈயச் சுரங்கத்து ஆஸ்பத்திரியில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர் அவர். வெள்ளை அரிசிச் சோற்றையே மூன்று வேளையும் தின்ற சீனத் தொழிலாளிகள் பெரிபெரி நோயில் கால் வீங்கி, மூச்சு முட்டி, ஒருவர் பின் ஒருவராகப் போனதைக் கண்ணால் கண்டவர். தவிட்டைத் தீட்டி எடுப்பதுதான் குற்றம், நம்மவர் தின்கிற புழுங்கல் அரிசிக்கு அந்தக் குற்றம் இல்லை என்று பெரிய டாக்டர்கள் எழுதியிருந்ததையும் படித்திருந்தார். படித்து என்ன பயன்? மனசில் நின்றது அந்த வீங்கின கால்கள்தான்.

மற்றபடி ஆள் கெட்டிக்காரர். நானூறு பேர் பால்மரம் சீவுகிற தோட்டம் அது. வெள்ளைக்கார டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரில் வந்து வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் இளையதம்பிதான் டாக்டர். தொழிலாளர் குடியிருந்த லயத்து ஜனங்களும் அவரை டாக்டரய்யா என்றே கூப்பிட்டார்கள். மலேரியாவா, காலில் புண்ணா, பிரசவமா, எதற்கும் முகம் சுளிக்க மாட்டார். ஒரே ஒரு குறை. அடுத்தவர் சொல்லி அவர் எதையும் கேட்டதில்லை. யாராவது வாயெடுத்தால் போதும், "எனக்குத் தெரியும்" என்று வெட்டிவிடுவார்.

அவருக்கும் தையல்நாயகிக்கும் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து, 1924 ஆனி மாதத்தில் கௌரி பிறந்தாள். ஏழு வருடம் ஊர்க் கோயில்களுக்கெல்லாம் நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை. எட்டாம் மாதம் ஈப்போக் கோயிலில் வைத்துச் சோறு தீத்தினார்கள். ஊட்டுவதைத்தான் யாழ்ப்பாணத்தார் தீத்துவது என்பார்கள். அந்த ஒரு வாய்ச் சோறுதான் கௌரிக்குக் கிடைத்தது. மறுநாள் முதல் பாலில் ஊறவைத்த பாண், பார்லித் தண்ணீர், ரஸ்க், டின்னில் வருகிற மால்ட் மாவு. தோட்டத்தார் ரொட்டி என்பதைத்தான் அவர்கள் பாண் என்பது. ரொட்டிக்காரர் சைக்கிளில் வாரம் மூன்று நாள் ஈப்போவிலிருந்து கொண்டுவருவார். மானேஜர் துரை பங்களாவுக்கு அடுத்தபடி டிரெஸ்ஸர் வீட்டில்தான் வண்டியை நிறுத்துவார்.

ஒரு வயது வரை பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. தவழ்ந்தாள், எழுந்து நின்றாள், சுவரைப் பிடித்து நடந்தாள். ஒன்றரை வயதில் எல்லாம் கெட்டது. வயிறு முன்னால் தள்ளிக்கொண்டது. கையும் காலும் குச்சியாயின. பின்புறத்துச் சதை வற்றித் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. வெளிக்குப் போவது ஒரு நாளைக்கு ஐந்து தடவை. வெளிறி, நுரைத்து, எண்ணெய் படிந்த மாதிரி, வீடு முழுவதும் நாறும். நடந்துகொண்டிருந்த பிள்ளை மறுபடி உட்கார்ந்துவிட்டது. சிரிப்பே இல்லை. எந்நேரமும் சிணுங்கல்.

இளையதம்பி அந்த வயிற்றைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த வீக்கம் ஒன்றுதான். பெரிபெரி என்று முடிவு கட்டினார். பெரிபெரி என்றால் சோறு. வீட்டில் யாரும் சோறு கொடுக்காதபோது எங்கிருந்து வரும்? அவர் பார்வை மனைவி பக்கம் திரும்பியது.

"உண்மையைச் சொல்லும். நான் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு பிள்ளைக்குச் சோறு குடுத்தனீரோ?"

"ஒரு பருக்கை கூடக் குடுக்கேல்லை."

"குடுக்காமல் வயிறு ஏன் ஊதுது?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கள்தானே டாக்டர்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்."

"கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டோ? சொல்லுங்கோ, இப்பவே அணைக்கிறன்."

அவர் நம்பவில்லை. அன்று முதல், தையல்நாயகி தனக்கென்று வடிக்கிற சோற்றுப் பானையை அவரே மூடி, மூடியின் மேல் அம்மிக் குழவியை வைத்துவிட்டு வேலைக்குப் போனார். பெற்றவளைத் திருடியைப் போல நடத்தினார் மனுஷன். தையல்நாயகி அதையும் பொறுத்துக்கொண்டாள். பிள்ளை தேறினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பிள்ளை தேறவில்லை. பாண் தொடங்கிய நாளிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆஸ்பத்திரித் தராசில் கௌரியை நிறுத்து, ஒரு நோட்டுக் கொப்பியில் தேதி போட்டு எழுதிவைத்தார். என்ன தின்றாள், எத்தனை தடவை வெளிக்குப் போனாள் என்பதும் அதில் இருக்கும். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையை வெள்ளைக்கார டாக்டரிடம் மட்டும் காட்டவில்லை. ஊரார் பிள்ளைக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் வீட்டிலேயே ஒரு பிள்ளை இப்படி வற்றிக் கிடக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? கேட்கிறவருக்குக் கோபம் வரும். வரட்டும், வரவேண்டிய கோபம்தான்.

1926ஆம் வருடக் கடைசியில் மழை பிடித்தது. கிந்தா ஆறு கரையேறி, தோட்டத்துக்கு வருகிற மரப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. மேட்டில் இருந்த ஆஸ்பத்திரியும் டிரெஸ்ஸர் வீடும் மேல் லயங்களும் தப்பின; மற்றதெல்லாம் தண்ணீர். மூன்றாம் நாள் பாண் தீர்ந்தது. ஐந்தாம் நாள் பார்லியும் மால்ட் மாவும் தீர்ந்தன. தோட்டத்து ஸ்டோரில் இருந்தது ரங்கூன் புழுங்கல் அரிசி மட்டும்தான்.

ஆஸ்பத்திரிச் சமையல்காரி கருப்பம்மாள் கஞ்சிச் சட்டியோடு வந்து படியில் நின்றாள். வார்டு முழுவதுக்கும் அவள்தான் கஞ்சி காய்ச்சுவாள். மடியில் ஒரு சீப்புப் பீசாங் மாஸ், மஞ்சள் மஞ்சளாகச் சின்ன வாழைப்பழம், லயத்துக் கொல்லையில் வெட்டியது.

"ஐயா, ரொட்டி இன்னைக்கும் வராதுங்க. பாலமே இல்ல. பாப்பாவுக்கு இதக் குடுக்கச் சொல்லுங்க."

"கஞ்சி வேண்டாம், கருப்பம்மா."

"அப்ப பட்டினியா போடப் போறீங்க?"

வேறு நாளாயிருந்தால் அவள் மேல் எரிந்து விழுந்திருப்பார். அன்று அதற்கும் வழியில்லை. மனைவியைப் பார்த்து, "குடும். கேடு எண்டு தெரிஞ்சுதான் குடுக்கிறம், ஞாபகம் வைச்சுக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

கௌரி கஞ்சியைக் குடித்தாள். பழத்தைத் தின்றாள். ஒரு வாரத்தில் வெளிக்குப் போவது இரண்டு தடவையாகக் குறைந்தது, நாற்றமும் அடங்கியது. அடுத்த வாரம் சிணுங்கல் நின்றது. மூன்றாம் வாரம், தண்ணீருக்குப் பயந்து படியேறி வந்த ஆட்டுக்குட்டியைக் கருப்பம்மாள் விரட்ட, அது அவளையே முட்ட, கௌரி கலகலவென்று சிரித்தாள். ஒரு வருடமாகக் கேட்காத சிரிப்பு அது. தையல்நாயகி ஓடிப்போய்ப் புருஷனைக் கூட்டிவந்தாள்.

இளையதம்பி பிள்ளையைத் தராசில் வைத்தார். பதினெட்டு இறாத்தலாக, அதாவது பதினெட்டுப் பவுண்டாக, இருந்தவள் பத்தொன்பதேகால். அந்த நேரத்தில் எந்தத் தகப்பனும் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பான். இவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இது சதை இல்லை. நீர் சேருது. சோத்து வீக்கம்."

"சிரிக்கிறாளே, பாருங்கோ."

"எனக்குத் தெரியும்."

இருபத்தாறாம் நாள் தெப்பம் கட்டிப் போக்குவரத்து தொடங்கியது. ரொட்டிக்காரர் சைக்கிளைத் தெப்பத்தில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அன்று காலையே கௌரிக்குப் பாலும் பாணும். பத்து நாள் ஆகவில்லை, பழைய நாற்றம் திரும்பியது. வயிறு ஏறியது. சிரிப்பு போனது.

"பாத்தீரோ?" என்றார் இளையதம்பி. "மூண்டு கிழமைச் சோறு இப்ப வேலை காட்டுது. பெரிபெரி உடனே வராது, உள்ளுக்குள்ள இருந்து பேந்துதான் வரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பது போலவே இருந்தது. அதனால்தான் அது அத்தனை பொல்லாததாகப் போயிற்று. சேர்ந்துவிட்ட கேட்டை முறிக்க வேண்டுமென்று பாணை இரட்டிப்பாக்கினார். கௌரி வாயைத் திறக்க மறுத்தாள். பாண் கிண்ணத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினாள். அவர் விடுவாரா? காலையும் மாலையும் மடியில் கிடத்தி, தாடையைப் பிடித்து, மூக்கைப் பொத்தி, மூச்சுக்கு வாய் திறக்கிற சமயம் பார்த்துக் கரண்டியை உள்ளே விட்டார். பிள்ளை திமிறும், கக்கும், மறுபடி தீத்துவார். கண் கலங்கும் அவருக்கு. ஆனாலும் தீத்துவார். பிள்ளையின் உயிரைத் தன் கையால் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறோம் என்றே அவர் மனசார நம்பினார்.

பங்குனி மாதத்தில் கௌரி பதினாறரை இறாத்தலுக்கு இறங்கினாள். இரண்டே முக்கால் வயதுப் பிள்ளை. பாதங்களும் வீங்கின. அந்த வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார் இளையதம்பி. விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. "நான் சொன்னது சரிதான்" என்று சொல்லிவிட்டு, அந்த மனுஷன் சுவரில் தலையை வைத்து அழுதார்.

தையல்நாயகி அழவில்லை. அவள் அழுது முடித்து வெகு நாளாகியிருந்தது. மறுநாள் வெள்ளைக்கார டாக்டர் வருகிற நாள். கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தலைக்கு முக்காடு போட்டு, வீட்டை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். டிரெஸ்ஸர் பெண்சாதி வார்டுப் பக்கம் வந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. நோயாளிகள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார்கள். அவள் டாக்டர் முன்னால் மேசை மேல் பிள்ளையை வைத்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. புருஷனைத் திரும்பிப் பார்த்து, "சொல்லுங்கோ அவருக்கு" என்றாள்.

இளையதம்பி சொன்னார். பெரிபெரி என்றார். டாக்டர் கௌரியை மேசை விளிம்பில் உட்காரவைத்து, கால்களைத் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ளியது. மற்றக் காலிலும் தட்டினார். அதுவும் துள்ளியது.

பெரிபெரி முற்றினால் முழங்கால் துள்ளாது என்பது இளையதம்பிக்குத் தெரியும். சுரங்கத்து ஆஸ்பத்திரியில் ஆயிரம் முழங்கால் தட்டியிருப்பார் அவர். தன் பிள்ளையின் முழங்காலை ஒரு தடவை தட்டிப் பார்க்கவில்லை.

"இது பெரிபெரி இல்லை, தம்பி" என்றார் டாக்டர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மலத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். "லண்டனில் படிக்கிற காலத்தில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இதைப் பார்த்திருக்கிறேன். சீலியாக் என்று பெயர். தின்பது உடம்பில் ஒட்டாது. கொழுப்பெல்லாம் இப்படி வெளியே போய்விடும். ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த நாட்டில் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை."

கொப்பியைக் கேட்டார். இளையதம்பி எடுத்து நீட்டினார். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு போனவர் ஓர் இடத்தில் நின்றார்.

"இந்த மூன்று வாரம் எடை ஏறியிருக்கிறதே. என்ன கொடுத்தீர்?"

"வெள்ள நேரம், சார். கஞ்சி. வாழைப்பழம்."

"வாழைப்பழம்!" டாக்டர் நிமிர்ந்தார். அமெரிக்காவில் ஒரு டாக்டர் இந்த நோய்க்கு வாழைப்பழம் கொடுத்துப் பிள்ளைகளைப் பிழைக்கவைப்பதாக ஒரு பத்திரிகையில் படித்திருந்தாராம். மாவுச்சத்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்: பாண், சோறு, உருளைக்கிழங்கு, பார்லி, எதுவும் கூடாது. வாழைப்பழம், தயிர், கொஞ்சம் மீன், கொஞ்சம் இறைச்சி. அவ்வளவுதான்.

கருப்பம்மாள் விஷயத்தைக் கேட்டதும் லயம் லயமாகச் சொல்லிவிட்டாள். யார் கொல்லையில் பீசாங் மாஸ் முற்றினாலும் முதல் தார் டிரெஸ்ஸர் வீட்டுக்கு வந்தது. முதல் வாரம் கௌரி இரண்டு பழம் தின்றாள். அடுத்த மாதம் எட்டுப் பழம். பாதத்து வீக்கம் வடிந்தது. ஆனி மாதம் இருபத்தொரு இறாத்தல். சுவரைப் பிடித்தாள், பிறகு சுவரை விட்டாள், பிறகு கோழியைத் துரத்தினாள்.

ஆவணியில் டாக்டர் வந்து பார்த்துத் தட்டிக்கொடுத்தார். "இனி மெல்ல மெல்ல மாவுச்சத்தைத் தொடங்கலாம். முதலில் வாட்டின ரொட்டி கொடும். இலேசானது."

இளையதம்பி வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். தையல்நாயகி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவள்தான். அன்றும் மெதுவாகத்தான் பேசினாள்.

"பாண் வேண்டாம். சோறு குடுப்பம்."

"டாக்டர் சொல்லுறார்."

"டாக்டர் வெள்ளத்துக்குள்ள எங்களோட இருக்கேல்லை. அந்த மூண்டு கிழமையும் இவள் வாழைப்பழம் மட்டுமோ திண்டவள்? மூண்டு நேரமும் கஞ்சி குடிச்சவள். குடிச்சுக்கொண்டுதானே சிரிச்சவள்? தெப்பம் வந்தது, பாண் வந்தது, பிள்ளை விழுந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்கள் எழுதி வைச்சிருக்கிறீங்கள்தானே, எடுத்துப் பாருங்கோ."

'எனக்குத் தெரியும்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவர் விழுங்கிக்கொண்டார். கொப்பியை எடுத்துக்கொண்டு ஜன்னலண்டை உட்கார்ந்தார். தன் கையெழுத்துத்தான், மணி மணியான எழுத்து. பாண் தொடங்கிய பிறகுதான் நோய் தொடங்கியிருந்தது. பாண் நின்றபோது குறைந்திருந்தது. சோறு தின்றும் குறைந்திருந்தது. பாண் வந்த பத்தாம் நாள் திரும்பியிருந்தது. பாணை இரட்டித்த மாதம் இறங்கின இறக்கம் வேறு எந்த மாதத்திலும் இல்லை. இரண்டரை வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அதை அவரே எழுதியிருக்கிறார். எழுதினாரே தவிர, ஒரு நாளும் படிக்கவில்லை.

வெகு நேரம் கழித்து எழுந்து வந்தார். "நான்தான் குடுத்தனான்" என்றார். "நீர் ஒளிச்சுக் குடுக்கிறீர் எண்டு பானையில குழவி வைச்சன். நாலு பேருக்கு முன்னால நானே குடுத்தனான்."

தையல்நாயகி "சாப்பிட வாங்கோ" என்றாள்.

மறுநாள் ரொட்டிக்காரரை வாசலிலேயே மறித்து இனி இந்த வீட்டுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டார். கௌரிக்கு ஒரு கரண்டிக் கஞ்சியில் ஆரம்பித்து, மூன்று நாளைக்கொரு கரண்டி கூட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. இளையதம்பி டாக்டருக்கு நீண்ட கடிதம் எழுதினார்: கோதுமையும் பார்லியும் கேடு செய்கின்றன, அரிசி செய்யவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. டாக்டர் நல்ல மனுஷன், மறுமுறை வந்தபோது சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "இருக்கலாம், தம்பி. ஆனால் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு உலகத்துக்கு விதி எழுத முடியாது. என்னைக் கேட்டால் வாழைப்பழம்தான்." இளையதம்பி வாதாடவில்லை. உலகத்துக்கு எழுதுகிற எண்ணம் அவருக்கும் இல்லை. அந்த ஒரு பிள்ளை பிழைத்தால் அவருக்குப் போதும்.

1928 தைப்பொங்கல். முற்றத்தில் பொங்கி, இலை போட்டுப் படைத்தார்கள். கௌரிக்கு மூன்றரை வயது; இருபத்தெட்டு இறாத்தல்; கன்னம் உப்பி, தலைமுடி அடர்ந்து, பட்டுப் பாவாடை தடுக்கத் தடுக்க ஓடிக்கொண்டிருந்தாள். படைத்த பொங்கலில் முதல் வாயை வீட்டுக்காரர் தம் கையால் பிள்ளைக்குத் தீத்துவது அவர்கள் வழக்கம். போன வருடம் வெள்ளத்தில் பொங்கவே இல்லை. இளையதம்பி பொங்கலை நெய் விட்டு உருட்டி, ஊதி ஆறவைத்து, கௌரியை மடியில் இருத்தினார். அதுவரை அவர் மீசையை இழுத்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, பங்குனிக்குப் பிறகு முதல்முறையாக அந்தக் கை வாயருகே வந்ததும் சட்டென்று பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டது. இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டது. உடம்பு விறைத்துவிட்டது.

"கௌரி, அப்பா தாறார், வாங்கு" என்றாள் தையல்நாயகி, பதறிப்போய்.

"வேண்டாம், விடும்" என்றார் இளையதம்பி. "அவளில பிழையில்லை. என்ர கையைத்தான் அவளுக்குத் தெரியும்." பொங்கலை மனைவியின் கையில் வைத்தார். "நீர் தீத்தும்."

பிள்ளையை இறக்கிவிட்டு, எழுந்து நாலு அடி தள்ளிப் போய் நின்றார். கௌரி தகப்பன் கையை ஒருதரம் பார்த்தாள். வெறும் கை என்று கண்டதும் தாய்ப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். மென்றாள், விழுங்கினாள். "இன்னும் சோறு வேணும்" என்றாள். பிறந்ததிலிருந்து வாழைப்பழத்தைத் தவிர எதையும் அவள் இன்னும் வேணுமென்று கேட்டதில்லை. இளையதம்பி தோளில் கிடந்த சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அழுகைக்கு நடுவே, "குடும், குடும், அவள் கேக்கிற மட்டும் குடும்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.